வருகைப் பதிவேடு

சென்ற ஆண்டின் இறுதியில் என் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து எனக்கொரு மடல் வந்தது. பேரா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்பொழுது கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றுகின்றாள். அம்மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை நாள்கள். ஞாயிறு பள்ளி நாள். அவள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மடலின் நடுவே இவ்வாறு எழுதியிருந்தாள்:

"ஐயா, எங்கள் ஊரில் ஆலய மணி அடிக்கும் நேரத்தில், இங்கே நான் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக் கொண்டிருக்கிறேன். மாலையில் ஒரு வழிபாடு நடக்கிறது. ஆனால், பள்ளி முடிந்து வீடு திரும்பினால் உடல் சோர்ந்துவிடுகிறது. வீட்டிலேயே திருமறை வாசிக்கிறேன்; ஜெபிக்கிறேன். அது போதாதா? கிறிஸ்தவர் என்றால் தவறாமல் ஆலயத்திற்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? என் மனம் நோகக்கூடாதே என்று எழுதவேண்டாம். தாங்கள் உண்மையில் நினைப்பதை எழுதுங்கள்."

மூன்று வாரம் வரை அம்மடலுக்கு நான் விடை எழுதவில்லை. போகவேண்டும் என்று எழுதுவது எளிது. போதகர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதுதான் அது. போகாவிட்டாலும் பாதகமில்லை என்று எழுதுவதும் எளிது. இக்காலத்தார் பலர் அவ்வாறே சொல்கின்றனர். ஆயின், ஒன்பது ஆண்டுகள் ஆலயத்தின் படியை மிதியாதிருந்தவன் நான். அந்த ஒன்பது ஆண்டுகளை மறைத்துவிட்டு அவளுக்கு அறிவுரை கூற என் மனம் இடந்தரவில்லை. அதனால் மடலில் எழுதிய விடையை இங்கே விரித்து எழுதுகின்றேன்.

இந்த வினா கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. ஆலய வழிபாட்டின் நன்மையைக் கொன்றை வேந்தனில் ஔவை மூதாட்டி எடுத்துரைத்தார். வெளிப்பூசையால் ஆவதென்ன, உள்ளே உறைபவனை அறியாதபோது என்று சிவவாக்கியர் இடித்துக் கேட்டார். தமிழர் இருவரையும் போற்றினர்; ஒருவரைக் கைக்கொண்டு மற்றவரைத் தள்ளவில்லை. கிறிஸ்தவத் திருமறையிலும் இவ்விரு குரல்களும் உள்ளன. பிறர் காண வேண்டுமென்று ஜெபியாமல், அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு தந்தையை நோக்கி ஜெபிக்குமாறு இயேசுபெருமான் மலைப்பொழிவில் போதித்தார். அவருக்கு முன் வந்த ஏசாயாவும் ஆமோசும், ஏழைக்கு நீதி வழங்காதவர் கூடுகின்ற திருநாள்களைக் கடவுள் வெறுப்பதாக முழங்கினர். ஆயினும் அதே இயேசுபெருமான் ஓய்வுநாள்தோறும் தொழுகைக்கூடத்திற்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதிய நற்செய்தி கூறுகின்றது. கதவை அடைத்து ஜெபிக்கச் சொன்னவரே கூட்டத்தோடும் சென்று அமர்ந்தார்.

என் இளமைக் காலம் பேராவில் ஒரு பால்மரத் தோட்டத்தில் கழிந்தது. அங்கே நூறு குடும்பங்கள் இருந்திருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினொன்றே. எங்கள் ஆலயம் என்பது தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை. நான்கு பலகை விசுப்பலகைகளும், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசையும் அதன் உடைமைகள். போதகர் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஒருவர் வழிபாட்டை நடத்துவார்.

'தவறாமல்' என்னும் சொல்லுக்கு அங்கே பொருளே வேறு. ஞாயிற்றுக்கிழமையும் பெரட்டுக்கு அழைப்பு வந்தால், விடியுமுன் கோப்பையும் வாளியும் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போகத்தான் வேண்டும். இரவெல்லாம் மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் பால்வெட்டு இராது. அன்று ஆலயம் நிறைந்திருக்கும். மழையை வேண்டி ஜெபிப்பது பாவமா என்று என் தந்தையார் உபதேசியாரிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது.

அந்த உபதேசியார் கற்றறிந்தவர் அல்லர். அவருடைய பிரசங்கத்தில் ஒரு வாக்கியமேனும் இன்று என் நினைவில் இல்லை. நினைவிலிருப்பது, ஆசி கூறி முடித்தபின் அவர் செய்வதுதான். வாசலில் நின்றுகொண்டு யார் யார் வந்தனர் என்று ஒருமுறை கண்ணால் எண்ணுவார். பின்னர் வராதவர் வீடுகளை நோக்கி நடப்பார். வேலைக்குப் போனவர் என்றால் வாசலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்த லயத்திற்குப் போய்விடுவார். காய்ச்சலில் கிடப்பவர் என்றால் தோட்டத்து மருந்தகத்திற்குச் சொல்லி அனுப்புவார். உலை வைக்க அரிசி இல்லாததால் முகங்காட்ட நாணி உள்ளே அமர்ந்திருப்பவர் என்றால், மாலையில் வேறொரு வீட்டிலிருந்து அரிசி வரும். யார் கொடுத்தது என்று யாரும் சொல்லமாட்டார். ஆலயத்திற்கு ஏன் வரவில்லை என்று அவர் யாரையும் கடிந்ததாக நான் அறியேன்.

பின்னாளில் நான் ஆசிரியனாகி ஒரு தோட்டப் பள்ளியில் பணியேற்றபோது, தலைமையாசிரியர் முதலில் என் கையில் கொடுத்தது பாடநூல் அன்று, வருகைப் பதிவேடு. "வராத பிள்ளையின் பெயருக்கு நேரே வட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதே, தம்பி. வேலை அங்கேதான் தொடங்குகிறது. மூன்று நாள் வட்டம் விழுந்தால் லயத்திற்குப் போய்ப் பார்" என்றார். அப்போது எனக்கு உபதேசியார் நினைவுக்கு வந்தார். தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் இது தெரிந்த செய்தியே. வருகைப் பதிவேட்டின் பயன் வந்தவரை எண்ணுவதில் இல்லை. வராதவரை அறிவதில் இருக்கின்றது.

இவ்வளவும் அறிந்த நான்தான் ஒன்பது ஆண்டுகள் ஆலயத்தை விட்டு விலகி நின்றேன்.

1982ஆம் ஆண்டு நான் நகரமொன்றில் குடியேறியிருந்தேன். அங்கிருந்த ஆலயத்தில் கணக்கு வழக்குப் பற்றி ஒரு பூசல் எழுந்தது. காணிக்கைக் கணக்கை எழுத உதவி வந்த என்னையும் அது இழுத்தது. கூட்டத்தில் ஒருவர் என் நேர்மையைக் குறித்து ஐயம் எழுப்பினார். மற்றவர் வாய் திறவாமல் இருந்தனர். பின்னர் கணக்கில் தவறில்லை என்று தெரிந்தது. ஆனால், வருத்தம் தெரிவிக்க ஒருவரும் வரவில்லை. கடவுளைத் தொழ இவர்கள் நடுவே நான் ஏன் வரவேண்டும் என்று எண்ணினேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. பிறகு போகாமையே வழக்கமாயிற்று.

தொடக்கத்தில் வீட்டில் ஒழுங்காகத் திருமறை வாசித்தேன். ஆலயத்தில் கேட்டவற்றைவிட ஆழமான நூல்களை வரவழைத்துப் படித்தேன். ஆரவாரமின்றி, அரட்டையின்றி, பகையின்றிக் கடவுளோடு தனித்திருக்கின்றேன் என்று பெருமையும் கொண்டேன். முதல் ஆண்டு அவ்வாறே சென்றது. இரண்டாம் ஆண்டில் காலை ஜெபம் சுருங்கியது. மூன்றாம் ஆண்டில் ஞாயிறு காலை நாளிதழுக்கு உரியதாயிற்று. அறைக்கதவை அடைத்துக்கொண்டேன் என்பது மெய். ஜெபிப்பதற்கு அன்று, உறங்குவதற்கு. தனித்து நின்றே ஆழ்ந்த பக்தியில் நிலைப்போர் இருக்கலாம். நான் அத்தகையவன் அல்லன் என்பதை அறிந்துகொள்ளவே எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

எனினும் என்னைத் திரும்ப அழைத்து வந்தது இவ்வறிவு அன்று.

நான் ஆலயத்திற்குச் சென்ற நாள்களில் மூன்றாம் வரிசையில் என் அருகே ஒரு முதியவர் அமர்வார். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. கீர்த்தனைப் புத்தகத்தில் எண்ணைத் தேடிக் கொடுப்பேன். ஒவ்வோர் அடியின் தொடக்கத்தையும் மெல்லச் சொல்வேன். அவர் மற்றதைப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் பாடுவார். இதை ஓர் உதவி என்றுகூட நான் கருதியதில்லை. ஆலயத்தை விட்டபோது நான் யாரை விட்டேன் என்று கணக்கிட்டிருந்தால், என்னைப் பழித்தவரையும் வாளாவிருந்தவரையும் நினைத்திருப்பேனேயன்றி, அவரை நினைத்திருக்கமாட்டேன்.

1991ஆம் ஆண்டில் ஒருநாள் சந்தையில் அவருடைய மனைவியாரைக் கண்டேன். கணவர் காலமாகி ஐந்து திங்கள் ஆகின்றன என்றார். எனக்குச் செய்தி எட்டவில்லை. எட்டுவதற்கு வழியும் இல்லை. நான் தடுமாறி நின்றபோது அந்த அம்மையார் சொன்னார்: "உங்களை ரொம்ப நாள் விசாரிச்சிக்கிட்டு இருந்தாரு, தம்பி. வாத்தியார் தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோன்னு சொல்வாரு. அப்புறம் அவரும் போறதை நிறுத்திட்டாரு. பாட்டு எண்ணு தெரியாம சும்மா நிக்கிறதுக்கு வெக்கமா இருக்குன்னாரு."

அச்சொற்களில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதனாலேயே அவை என்னைக் குத்தின. ஒன்பது ஆண்டுகளாக எனக்கு ஆலயம் தேவையா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆலயத்தில் எவர்க்கேனும் நான் தேவைப்படுவேனா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கணக்குப் பூசலில் என் நியாயம் என்னிடமே இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், அந்த நியாயத்திற்கு விலை கொடுத்தவர் கண் மங்கிய அம்முதியவர். அடுத்த ஞாயிறு ஆலயத்திற்குச் சென்று மூன்றாம் வரிசையில் அமர்ந்தேன். என்னைக் கண்டு ஓரிருவர் வியந்தனர், ஒருவர் கைகொடுத்தார். அவ்வளவே. என் அருகே இருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அதன்பின் திருச்சபையின் வரலாற்றை வேறு கண்ணோடு படிக்கலானேன். முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்க்கு ஞாயிறு விடுமுறை நாளன்று. அடிமைகளும் கூலியாள்களும் அவர்களுள் பலர். 112ஆம் ஆண்டளவில் உரோமப் பேரரசர் திராயானுக்கு ஆளுநர் பிளினி எழுதிய மடலில், இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகின்றனர் என்று காண்கின்றோம். துரோவாவில் பவுலடிகள் நள்ளிரவு வரை பேசியபோது, பலகணியில் அமர்ந்திருந்த ஐத்திகு என்னும் இளைஞன் உறங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவனாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வேன். கான்சுடன்டைன் பேரரசர் 321ஆம் ஆண்டில்தான் ஞாயிறு ஓய்வுக்குச் சட்டமியற்றினார். அதிலும் உழவர்க்கு விலக்களித்தார். பயிர் காத்திராது என்பது காரணம். எங்கள் தோட்டத்துப் பால்மரமும் காத்திருந்ததில்லை!

விடுமுறையின்றியும் அவர்கள் ஏன் கூடினர்? 155ஆம் ஆண்டளவில் யுஸ்தீன் என்னும் மறைசாட்சி எழுதிய தற்காப்புரையில் இதற்கு விடை கிடைக்கின்றது. ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவர், திருநூல் வாசிக்கப்படும், தலைவர் பேசுவார், அப்பம் பகிரப்படும், வசதியுள்ளோர் மனமுவந்து தருவதைக் கொண்டு அனாதைகளும் கைம்பெண்களும் நோயாளரும் சிறைப்பட்டோரும் அயலூராரும் காக்கப்படுவர். இவற்றிடையே ஒரு சிறு செய்தியையும் அவர் குறிப்பிடுகின்றார். வரமுடியாதவர்க்கு உரிய பங்கைத் திருத்தொண்டர்கள் அவரவர் வீட்டிற்கு எடுத்துச் செல்வர். எங்கள் உபதேசியார் யுஸ்தீனைப் படித்திருக்கமாட்டார். ஆயினும் அதையேதான் அவர் செய்தார்.

மெதடிஸ்டு இயக்கத்தின் வரலாற்றிலும் இவ்வாறொரு நிகழ்ச்சி உண்டு. 1742ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் வழிபாட்டுக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தேடினர். ஏறத்தாழப் பன்னிருவர்க்கு ஒரு தலைவர் பொறுப்பேற்று, வாரந்தோறும் ஆளுக்கொரு பென்னி திரட்டுவது என்று முடிவாயிற்று. காசு திரட்ட வீடு வீடாகச் சென்றபோதுதான் யார் நோயுற்றிருக்கின்றார், யார் குடியில் விழுந்திருக்கின்றார், யார் வீட்டில் அமைதியில்லை என்பதெல்லாம் தெரியவந்தன. கடனுக்காகத் தொடங்கியது ஆன்மப் பணியாக வளர்ந்ததை ஜான் வெஸ்லி உணர்ந்து, அதையே தம் இயக்கத்தின் அடிப்படை அமைப்பாக்கிக் கொண்டார்.

சப்பானில் உச்சிமுரா கன்சோ என்னும் பெரியார் வாழ்ந்தார் (1861–1930). ஆலயக் கட்டடமும் குருமாரும் சடங்கும் இன்றியே கிறிஸ்துவைப் பின்பற்றலாம் என்று கூறித் 'திருச்சபையில்லா' இயக்கத்தைத் தொடங்கினார். ஆலயம் வேண்டாம் என்போர் அவரைச் சான்று காட்டுவர். ஆனால், அவரும் ஞாயிறுதோறும் மாணவர்களைக் கூட்டித் திருமறை விளக்கம் செய்து வந்தார். கட்டடத்தைத் துறக்க முடிந்த அவராலும் கூட்டத்தைத் துறக்க முடியவில்லை.

எபிரேயர்க்கு எழுதப்பட்ட நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், சபை கூடுதலைக் கைவிடாதீர்கள் என்னும் அறிவுரை உள்ளது. அதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவ்வறிவுரையை ஒட்டியே அங்குச் சொல்லப்படுவதைச் சிலரே கவனிப்பர். ஒருவர்க்கொருவர் ஊக்கமூட்டுங்கள் என்பதுதான் அது. கடவுளுக்கு நம் வருகை தேவைப்படுவதாக அங்கே சொல்லப்படவில்லை.

ஆகவே, ஆலயத்திற்குப் போகாதவர் கிறிஸ்தவர் அல்லர் என்று நான் சொல்லத் துணியேன். இரவுப் பணி முடித்துவரும் தாதியர், படுக்கையில் கிடக்கும் தாயை விட்டகல முடியாத மகள், விடுப்பே கொடுபடாத வீட்டுப் பணிப்பெண் ஆகியோரைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? கத்தோலிக்கத் திருச்சபை ஞாயிறு திருப்பலியைக் கடமையாகவே விதித்திருக்கின்றது. எனினும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் அக்கடமை நிறைவேறும் என்கின்றது. வரவே இயலாதார் இல்லத்திலேயே ஜெபிக்கவும் வழி காட்டுகின்றது. ஆலயத்திலேயே காயப்பட்டவரும் உளர். அவர்களை நோக்கி வா வா என்று கூவுவதற்கு முன், அவர் வீட்டு வாசலுக்குப் போய் வருத்தம் தெரிவிப்பது சபையாரின் கடமை. என் வாசலுக்கு ஒருவர் வந்திருந்தால் ஒன்பது ஆண்டு ஒன்பது வாரமாகச் சுருங்கியிருக்கும். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே வட்டம் மட்டும் போட்டுவிட்டு அச்சபை அமர்ந்திருந்தது. குறை என்னிடம் மட்டும் இருந்ததில்லை.

தவறாமல் வருவதே தனிப்பெரும் புண்ணியம் என்று எண்ணுவதும் பிழையே. கொரிந்து நகரத்துச் செல்வர் திருவிருந்திற்கு முந்திவந்து உண்டு நிறைய, உழைத்துப் பிந்திவந்த ஏழையர் பசித்து நின்றனர். அவ்வாறு கூடுவதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்று பவுலடிகள் கடிந்தெழுதினார். அருகிலிருப்பவர் யார் என்று அறியாமல் ஐம்பது ஆண்டு ஒரே பலகையில் அமர்ந்திருப்பவரைக் கூடியவர் என்று எவ்வாறு சொல்வது?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது ஆலயங்கள் யாவும் மூடப்பட்டன. வழிபாடு கைப்பேசித் திரைக்கு வந்தது. பல ஆண்டுகளாகப் படுக்கையில் கிடந்த முதியோர் சிலர் அன்றுதான் தம் போதகரின் பிரசங்கத்தை மீண்டும் கேட்டனர். அது பெரும் பேறு. இன்றும் அவர்களுக்கு அது தொடர்வது நல்லது. ஆயின், திரையில் நாம் போதகரைக் கண்டோம். போதகர் நம்மைக் காணவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் நலமா என்பதைத் திரை எனக்குச் சொல்லவில்லை. எங்கள் சபையில் பெண்கள் சிலர் உறுப்பினர் பட்டியலைப் பங்கிட்டுக்கொண்டு, நாளும் பத்துப் பேரை அழைத்துப் பேசினர். அரிசி தீர்ந்தவரும் மருந்து தீர்ந்தவரும் அதனால்தான் தெரியவந்தனர். ஆலயம் பூட்டிக் கிடந்த அம்மாதங்களில் எங்கள் சபை முன்னினும் நன்றாகக் கூடியிருந்தது என்றே சொல்வேன்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் என் மாணவிக்கு இவ்வாறு விடை எழுதினேன்:

"அன்புள்ள மகளுக்கு, நீ வீட்டில் செய்யும் ஜெபத்தைக் கடவுள் கேட்கின்றார், அதில் ஐயம் வேண்டா. ஞாயிறு காலையில் நீ வகுப்பில் நிற்பது பாவமுமன்று. முதற்காலக் கிறிஸ்தவர்களும் ஞாயிறன்று வேலைக்குப் போனவர்கள்தாம். ஆனால், அவர்கள் விடியுமுன்னோ இருட்டிய பின்னோ கூடினார்கள் என்பதையும் நினைத்துப் பார். உனக்கு வெள்ளியும் சனியும் ஓய்வு உண்டு. வெள்ளியன்று வழிபடும் சபை அருகில் இருந்தால் அங்கே போ. இல்லையேல் ஞாயிறு மாலை, சோர்வோடேயே போய் உட்கார். பிரசங்கம் சுவையற்றதாக இருக்கலாம்; உறக்கமும் வரலாம். பலகணி ஓரத்தில் மட்டும் அமராதே!

வாரந்தவறாமல் முடியாவிட்டால் முடிந்த வாரமெல்லாம் போ. ஆனால், எங்கேனும் ஒரு சபையில் உன் பெயர் இருக்கட்டும். நீ வராத நாளில், 'டீச்சரைக் காணோமே' என்று ஒருவராவது கேட்கும் இடமாக அது இருக்கட்டும். நீயும் அங்கே ஒருவரையாவது அவ்வாறு தேடுகின்றவளாக இரு. நாளைக் காலையில் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, விடை வராத பெயரில் உன் குரல் ஒரு நொடி நிற்குமன்றோ? அந்த ஒரு நொடிக்காகத்தான் கூடி வழிபடவேண்டும் என்று எனக்குத் தோன்றுகின்றது. இதை நான் காலம் கடந்து கற்றேன். அதற்குள் ஒரு முதியவர் பாடுவதை நிறுத்திவிட்டார்."

மடலைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த அன்று சனிக்கிழமை. மறுநாள் ஆலயத்தில் என் அருகே தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் புதிதாக வந்து அமர்ந்தார். அவரிடம் கீர்த்தனைப் புத்தகம் இல்லை. என் புத்தகத்தில் எண்ணைத் தேடி எடுத்து, இருவர்க்கும் நடுவே பிடித்துக்கொண்டேன்.